1881 சென்சஸில் பூட்டன் பெயர் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீங்க

நேற்று மதியம்தான் எங்களுக்கு முழுசாகத் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, முன்னபின்ன எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்க. போனது 42,000 ரூபாய்.

எங்களுக்குச் சென்னிமலைப் பக்கம். தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78-ல், அப்பாவோட பூட்டன் தாராபுரம் பக்கம் ஏதோ ஓர் ஊரிலிருந்து கைக்குழந்தையோடு நடந்தே இங்கே வந்தார் என்று அப்பாரு (தாத்தா) சொல்வார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. எந்த ஊர், எந்தக் காணிக்கோயில் (குலத்தோட பூர்வீகக் கோயில்), ஒன்றும் தெரியாது. கல்யாணப் பேச்சில் "உங்க காணி எதுங்க?" என்று யாராவது கேட்டால் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். அவருக்கு 79 வயசு. கண்ணை மூடுவதற்குள் அந்தக் கோயில் வாசலில் ஒரு பொங்கல் வைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

வம்சாவளி தேடித் தரும் ஒரு இணையதளம், பெயர் சொல்லவில்லை. அங்கிருந்து ஒருத்தன் வீட்டுக்கே வந்தான். "ஏனுங்கய்யா, சௌக்கியமா இருக்கறீங்களா" என்று திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பஞ்சத்துக் கதை முழுவதையும் நோட்டில் எழுதிக்கொண்டான். நான்கூட அப்பாவிடம் அவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டதில்லை. எழுந்து போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "1881 சென்சஸ்ல வீட்டுக்கு வீடு பேரு எழுதியிருக்காங்கய்யா, அந்த நோட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்குதுங்க, உங்க பூட்டன் பேரும் பூர்வீக ஊரும் அதுல இல்லாமப் போகுமா" என்றான். அந்த இடத்தில்தான் விழுந்தோம். மஞ்சள் விற்று பீரோவில் வைத்திருந்த 12,000-ஐ அப்பாவே எடுத்துக் கொடுத்தார், மீதி 30,000 நான் ஜிபேயில் போட்டேன்.

அப்புறம் மூன்று மாசம். ரெக்கார்டு ரூமில் வெள்ளையடிக்கிறார்கள், சார் லீவு, சர்வர் வேலை செய்யவில்லை என்று வாரத்துக்கு ஒரு காரணம். கடைசியில் லேமினேட் செய்த ஒரு தாள் கூரியரில் வந்தது. பூட்டன் பெயர், ஊர், வயசு எல்லாம் இருந்தது. அப்பா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார்.

நேற்று பத்திரிகை வைக்க வந்த மாமா, ரிட்டையர்டு விஏஓ, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தவர் கேட்டார்: "மாப்ள, மேல ஈரோடு மாவட்டம்னு போட்டிருக்குதே, 1881-ல ஏது ஈரோடு மாவட்டம்?" அது கோயமுத்தூரிலிருந்து பிரிந்ததே 1979-ல்தான், அதுவும் பெரியார் மாவட்டம் என்ற பெயரில். ராத்திரி உட்கார்ந்து தேடினால், அந்தக் காலத்துச் சென்சஸில் தலையை எண்ணிக் கூட்டிப் புத்தகமாகப் போட்டார்களே தவிர, வீட்டு வாரியாகப் பெயர் எழுதிய தாள்களைக் காப்பாற்றி வைக்கவே இல்லை. இந்தக் காலத்துச் சென்சஸ் தாள்களும் யார் கைக்கும் வராது, 1948 சென்சஸ் சட்டம் 15-வது பிரிவு தடுக்கிறது. ஆக, இல்லாத ஒரு நோட்டுக்கு 42,000 கொடுத்திருக்கிறோம்.

போன் செய்தேன். "அது டைப்பிங் மிஸ்டேக்குங்க சார், கோயமுத்தூர்னு திருத்தி அனுப்பறோம்" என்கிறான்! பணத்தைத் திருப்பிக் கொடு என்றால் ஒரு பெண் லைனுக்கு வந்து, அது சர்வீஸ் சார்ஜுங்க, ரீஃபண்ட் கிடையாதுங்க என்றது. அதற்குப் பிறகு என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள்.

முறையாக எப்படித் தேடுவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சென்சஸில் ஆள் பெயர் எடுத்துத் தருகிறோம் என்றாலே திருட்டு. முதலில் வீட்டில் இருக்கும் பழைய கிரயப் பத்திரங்களைப் பாருங்க, "இன்னார் குமாரர் இன்னார்" என்று ஊரோடு எழுதியிருக்கும். பழைய நில அளவை செட்டில்மெண்ட் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் இருக்கும். எந்தத் தாள் வந்தாலும் பணம் கொடுக்கும் முன்னால் ஒரு விஏஓவிடமோ பத்திரம் எழுதுபவரிடமோ காட்டுங்க. ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்க, நான் இன்று காலையில்தான் போட்டேன்.

அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. அந்தத் தாளை இன்னும் எடுக்க விடமாட்டேன் என்கிறார், "பேரு மட்டுமாவது நெசமா இருக்குமாடா" என்று காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டார். அந்தப் பெயரை அவனுக்குச் சொன்னதே அப்பாதான்.