தோட்ட ஆபீஸ் டெலிபோனுக்கு எது தோது: பெட்டி கேட்வேயா, மென்பொருள் கேட்வேயா?

சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் ஒரு செம்பனைத் தோட்டம். ஆபீஸ், ஆலை, எடை மேடை, கிளினிக், ஜாகா கூடம் எல்லாம் சேர்த்து 30, 40 எக்ஸ்டென்ஷன். பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டு ஐபி டெலிபோனுக்கு மாறினால் வெளி லைனையும் உள் செட்டுகளையும் இணைக்க ஒரு வாய்ஸ் கேட்வே வேண்டும். அது லைன் சொருகும் தனிக் கருவியாகவும் (பெட்டி) வரும், கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளாகவும் வரும். விற்க வருகிறவர் வசதிப் பட்டியலை நீட்டுவார். அதைப் புரட்டும் முன் சுவரைப் பாருங்கள்: லைன் செம்புக் கம்பியில் வருகிறதா, ஃபைபரில் வருகிறதா? பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

மென்பொருள் கேட்வே என்றால் ஆஸ்டரிஸ்க், ஃப்ரீஸ்விட்ச் போன்ற டெலிபோன் மென்பொருள் ஒன்று மினி பிசியில் (சிறு கம்ப்யூட்டரில்) ஓடுவது. அதற்கு நெட்வொர்க் கேபிள் மட்டும் போதும். செம்பு டெலிபோன் கம்பியோடு அதனால் நேராகப் பேச முடியாது. ஃபைபர் வழியாக எஸ்ஐபி டிரங்க் (இன்டர்நெட் முறையில் வரும் வெளி லைன்) வந்தால் தாராளமாக இதையே போடலாம். ஒரே ஒரு செம்பு லைன் மிச்சம் இருந்தாலும் எஃப்எக்ஸ்ஓ போர்ட் (வெளி செம்பு லைனைச் சொருகும் துளை) உள்ள பெட்டி தேவை. ஜாகா கூடத்துப் பழைய செட்டை மாற்ற மனமில்லை என்றால் எஃப்எக்ஸ்எஸ் போர்ட் (பழைய செட்டைச் சொருகும் துளை) தேவை. கம்ப்யூட்டருக்குள்ளேயே கார்டு சொருகும் வழியும் உண்டு, ஆனால் வேண்டாம். கார்டு போனால் மொத்த டெலிபோனையும் நிறுத்தித்தான் திறக்க வேண்டும்.

பெட்டியில் வரும் தலைவலி பெரும்பாலும் செம்பிலிருந்தே வருகிறது. முதலாவது, லைன் விடுபடாமல் மாட்டிக்கொள்வது. எதிராளி போனை வைத்தபிறகும் எஃப்எக்ஸ்ஓ போர்ட் அழைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நாலு லைனில் இரண்டு இப்படி மாட்டினால் 'லைன் கிடைக்கவில்லை' என்று ஆபீஸ் கிராணி கத்துவார். பெரும்பாலும் பெட்டி வேறு நாட்டு டோனை எதிர்பார்த்துக் காத்திருப்பதுதான் காரணம். மலேசிய 'பிஸி' டோன் (லைன் வேலையாக இருக்கும்போது கேட்கும் ஒலி) 425 ஹெர்ட்ஸ், அரை வினாடி ஒலி, அரை வினாடி மௌனம். இதை செட்டிங்கில் கையால் கொடுத்து, டோன் கேட்டால் துண்டிக்கும் வசதியை ஆன் செய்ய வேண்டும். எதிரொலி வந்தால் இம்பீடன்ஸ் (லைனின் மின் எதிர்ப்பு) செட்டிங்கை மாற்றிப் பார்க்கலாம்.

இரண்டாவது, இடி. மலேசியாவில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. ஆபீஸிலிருந்து ஜாகா கூடம்வரை கம்பத்தில் தொங்கும் செம்புக் கம்பி மின்னலை நேராகப் போர்ட்டுக்குள் கொண்டுவந்து விடும். கம்பி கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் (மின்னல் அதிர்ச்சியை மண்ணுக்குத் திருப்பும் கருவி) வைத்து, அதன் எர்த்தை மின்சார எர்த்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தனித்தனி எர்த் வைத்தால் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தால் மின்னோட்டம் பெட்டி வழியாகப் பாயும். அரெஸ்டர் இருந்தும் போர்ட் கருகுவது பல இடங்களில் இதனால்தான். தொலைவான இடங்களுக்கு ஃபைபரோ வயர்லெஸ் பிரிட்ஜோ இழுத்து, அந்த முனையில் ஐபி செட் வைப்பது இன்னும் நல்லது.

மென்பொருளின் பலம் வேறு. பெட்டியில் லைன் கூட்ட வேண்டுமென்றால் போர்ட் வாங்க வேண்டும்; இங்கே டிரங்க் சேனலை (ஒரே நேரத்தில் போகக்கூடிய அழைப்புகளின் எண்ணிக்கையை) அதிகப்படுத்தினால் போதும். எண்ணை மாற்றி எழுதுவதில் இதை மிஞ்ச ஆளில்லை. +605 என்று உள்ளே வரும் எண்ணை 05 ஆக்கிக் காட்டினால்தான் மிஸ்டு காலை அழுத்தித் திரும்ப அழைக்க முடியும். கோளாறு வந்தால் அழைப்பின் பாக்கெட்டுகளை (குரலும் சமிக்ஞையும் போகும் சிறு தரவுத் துண்டுகளை) அப்படியே பிடித்து எங்கே அறுந்தது என்று பார்க்கலாம். மலிவான பெட்டியில் அந்த அளவுக்கு எதுவும் கண்ணில் படாது.

வேகம் பற்றிய பயம் தேவையில்லை. 20 மில்லிசெகண்ட் பாக்கெட் என்றால் 30 அழைப்புக்கு வரவும் போகவுமாக வினாடிக்குச் சுமார் 6000 பாக்கெட். சாதாரண மினி பிசி தாங்கும். செட், டிரங்க் இரண்டையும் ஜி.711 ஏ-லா என்ற ஒரே கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை) வைத்துவிட்டால் கோடெக் மாற்றும் வேலையும் இல்லை. ஈதர்நெட் சுமையோடு ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட். பத்து அழைப்புக்கு ஒரு மெகாபிட் போதும்.

சறுக்குவது ரௌட்டரில்தான். ஒருவர் பேசுவது மட்டும் கேட்டு மற்றவர் குரல் வராவிட்டால், ரௌட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜியை (அழைப்புச் செய்திகளில் உள்ள முகவரியை ரௌட்டர் தானாகத் திருத்தும் வசதி) முதலில் அணையுங்கள். பிறகு கேட்வே 192.168 என்று தொடங்கும் தன் உள் முகவரியை வெளியே சொல்கிறதா என்று பாருங்கள். வெளி முகவரியைச் சொல்லும்படி மாற்றினால் சரியாகும். எஸ்ஐபி அழைப்புகள் வந்துபோகும் 5060 என்ற நெட்வொர்க் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைப்பதுதான் பெரிய ஆபத்து. பாஸ்வேர்டை ஊகித்து வார இறுதியில் வெளிநாட்டு அழைப்பாகப் போட்டுத் தள்ளுவார்கள், பில் உங்கள் தலையில். டிரங்க் கொடுத்தவரின் ஐபிக்கு மட்டும் திறந்து, 00-இல் தொடங்கும் வெளிநாட்டு எண்களைத் தேவைப்படும் ஓரிரு செட் தவிர மற்றவற்றில் அடைத்துவிடுங்கள்.

ஃபேக்ஸ் இன்னும் ஓடுகிறதா? டிரங்க் தருபவர் டி.38 (ஃபேக்ஸை ஐபி வழி அனுப்பும் முறை) ஆதரித்தால் பிரச்சினை குறைவு. இல்லையென்றால் ஃபேக்ஸை மட்டும் செம்பு லைனில் விட்டுவிடலாம்.

கரண்டு போனால் பழைய செம்பு லைன் எக்ஸ்சேஞ்சின் மின்சாரத்திலேயே உயிரோடு இருக்கும். மென்பொருள் வழியில் மினி பிசி, ஃபைபர் மோடம், ரௌட்டர், சுவிட்ச் நான்கும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மினி பிசிக்கு மட்டும் யூபிஎஸ் போட்டு மோடத்தை மறந்துவிடுகிற இடங்கள் நிறைய.

ஆகவே செம்பு மட்டும் உள்ள, எட்டுப் பத்து செட் வைத்த சிறு ஆபீஸுக்குப் பெட்டியே போதும். தோட்டம், ஆலை என்று விரிந்த இடத்துக்கு மினி பிசியில் மென்பொருள், அதோடு நாலு போர்ட் எஃப்எக்ஸ்ஓ பெட்டி ஒன்று. இன்டர்நெட் அறுந்தால் அழைப்பு செம்பு வழியே போகும்படி ரூட் எழுதி வையுங்கள்.

எதை வாங்கினாலும் 999-ஐ முதல் நாளே பாருங்கள். வெளி லைனுக்கு 9 அழுத்தும் பழக்கம் உள்ள இடத்தில், பதற்றத்தில் நேராக 999 அடித்தால் முதல் 9 உரிந்து 99 மட்டும் வெளியே போகும். 999-க்கும் 9999-க்கும் தனி விதி எழுதி, இரண்டும் 999 ஆகவே வெளியேறும்படி வைக்க வேண்டும். ஆஸ்டரிஸ்க்கில் எந்த விதி பிடிக்கிறது என்பதை 'டயல்பிளான் ஷோ' கட்டளையே காட்டிவிடும். அவசர எண்ணை மெய்யாக அழைத்துச் சோதிக்க வேண்டியதில்லை.