பெல்பொட்டம்: பழைய ஜீன்ஸில் துண்டு வைப்பதா, புதிதாகத் தைப்பதா?

இளவயதில் ஆசையாய்ப் போட்ட, முழங்காலுக்குக் கீழே மணிபோல் விரியும் பெல்பொட்டத்தை மறுபடி போட இரண்டு வழி உண்டு. இடுப்பும் தொடையும் இன்றைக்கும் சரியாக இருக்கும் நேர்க்கால் ஜீன்ஸ் ஒன்று அலுமாரியில் கிடந்தால் காலின் தையலைப் பிரித்து முக்கோணத் துண்டு வைப்பதே மேல். அந்தத் துணி சுருங்குவதெல்லாம் ஏற்கெனவே சுருங்கி முடிந்திருக்கும்.

கீழ் ஓரத்திலிருந்து முழங்காலுக்கு 1 அங்குலம் கீழே வரை தையலைப் பிரியுங்கள். பிரிக்க லேசு என்று வெளித்தையலில் மட்டும் 6 அங்குலத் துண்டு வைப்பது பெரிய பிழை. கால் வெளிப்பக்கம் இழுபட்டுக் கோணலாக விழும். உள்தையலில் 3, வெளித்தையலில் 3 என்று வைத்தால் கால் வாயின் 16 அங்குலச் சுற்றளவு அழகாக 22 ஆகும். தையலுக்கு இருபக்கமும் அரை அங்குலம் கூட்டி வெட்டவேண்டும். முக்கோணத்தின் நடுக்கோடு பாவு நூலோடு (துணியின் நீளவாட்டில் ஓடும் நூல்) போகாவிட்டால் தோய்த்தபின் ஓரம் தொங்கும். துண்டை இன்னொரு பழைய ஜீன்ஸிலிருந்து எடுங்கள். புதுத்துணியின் கடும்நீலம் தனியே தெரியும். ஊசி 16ஆம் இலக்கம். தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்காவிட்டால் ஊசி முறியும்.

இடுப்பு ஏறாவிட்டால் புதிதாகத்தான் தைக்கவேண்டும். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ துணி எடுக்கும்போது சதுர யாருக்கு 10 அவுன்ஸ் எடையுள்ள டெனிம் (ஜீன்ஸ் துணி) கேளுங்கள். 14 அவுன்ஸ் கச்சான் காற்றுக் காலத்தில் உடம்பை வேகவைக்கும், மாரியில் காயவே காயாது. மிக மெல்லியது மணிபோல் விரியாமல் காலோடு ஒட்டும். வெட்டுமுன் இருமுறை தோய்த்துக் காயவிடுங்கள். நீளத்தை, போடப்போகும் செருப்போடு நின்றே அளக்கவேண்டும்: நிலத்துக்கு அரை அங்குலம் மேலே, மாரிக்கென்றால் 1 அங்குலம்.