‘20% வைட்டமின் சி’ சீரமும் லேபிள் இல்லாத இலவச கிரீமும்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

இணையத்தில் மட்டும் விற்கிற ஒரு நிறுவனத்திடம் முகத்துக்குப் போடும் சீரம் வாங்கினேன். அதில் பணம் போனது ஒரு பக்கம். அதைச் சரிக்கட்ட அவர்கள் ‘இலவசமாக’ அனுப்பிய கிரீம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இருக்காது. இந்த மாதிரி ஆட்கள் நாளைக்கே பெயரை மாற்றிக்கொண்டு வேறு பாட்டிலில் வருவார்கள். பின்பக்க லேபிளைப் படிக்கத் தெரிந்தால், எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

பாட்டிலின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘20% வைட்டமின் சி காம்ப்ளெக்ஸ்’. அதற்குக் கீழே ஹயலுரோனிக் ஆசிட், நியாசினமைடு, ரெட்டினால், செராமைடு. விற்பனைப் பக்கத்திலும் இதே ஐந்துதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தோடு. ‘முக்கியப் பொருட்கள்’ என்று தலைப்புப் போட்டிருந்தார்களே தவிர, முழுப் பட்டியல் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. பார்சல் வந்த பிறகு, அட்டைப்பெட்டியின் அடியில், செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் தெரிகிற எழுத்தில் அது இருந்தது. அப்படியே தருகிறேன்:

தண்ணீர், கிளிசரின், புரோப்பேன்டயால், நியாசினமைடு, பியூட்டிலீன் கிளைகால், பீனாக்ஸிஎத்தனால், வாசனைச் சேர்ப்பு, கார்போமர், சோடியம் ஹயலுரோனேட், அஸ்கார்பைல் குளுக்கோசைடு, ரெட்டினைல் பால்மிடேட், செராமைடு என்பி, லிமோனீன், லினலூல், சிஐ 15985.

இந்தப் பட்டியலைப் படிக்க ஒரே ஒரு விதி போதும். அழகுப் பொருட்களின் லேபிளில், அதிகமாக இருப்பது முதலில், குறைவாக இருப்பது பின்னால் என்று எடை வரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் தங்களுக்குப் பிடித்த வரிசையில் போட்டுக்கொள்ளலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று லேபிளில் எழுதியிருக்காது. ஆனால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பீனாக்ஸிஎத்தனால் என்பது கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. வேறு பல நாடுகளிலும் அதே வரம்புதான். அப்படியென்றால் பட்டியலில் அதற்குப் பின்னால் வருகிற எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது.

இப்போது மறுபடியும் பட்டியலைப் பாருங்கள். வைட்டமின் சி எங்கே இருக்கிறது? அஸ்கார்பைல் குளுக்கோசைடு என்ற பெயரில், வாசனைக்கும் பின்னால். 20 சதவீதம் என்று முன்பக்கத்தில் சொன்னது, பின்பக்கத்தில் 1 சதவீதம்கூட இல்லை.

இதை எழுதிக் கேட்டேன். வந்த பதிலை ரசிக்கத்தான் வேண்டும். ‘காம்ப்ளெக்ஸ்’ என்பது தண்ணீர், கிளிசரின், அஸ்கார்பைல் குளுக்கோசைடு மூன்றையும் முன்கூட்டியே கலந்து வைத்த கரைசலாம். அந்தக் கரைசலில் 20 சதவீதம் சீரத்தில் இருக்கிறதாம். ஆகவே விளம்பரம் பொய் இல்லையாம்! டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டுவிட்டு ‘200 மில்லி பால் காம்ப்ளெக்ஸ்’ என்று விற்கலாம் போலிருக்கிறது. ‘காம்ப்ளெக்ஸ்’, ‘பிளெண்ட்’, ‘சொல்யூஷன்’ என்று சதவீதத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த எண் உண்மையில் வேலை செய்கிற பொருளின் அளவு அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு மட்டுமல்ல, எந்த வடிவம் என்பதும் முக்கியம். வைட்டமின் சி பற்றி அதிகம் ஆராயப்பட்ட வடிவம் எல்-அஸ்கார்பிக் ஆசிட். அது தோலுக்குள் போக சீரத்தின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். 10 முதல் 20 சதவீதம்வரை வேலை செய்யும், அதற்கு மேல் போனால் உள்ளே போவது கூடுவதில்லை, எரிச்சல்தான் கூடும். வைட்டமின் ஈயும் ஃபெருலிக் ஆசிடும் கூடச் சேர்ந்தால் கொஞ்சம் நிலைத்து நிற்கும், வெயிலுக்கு எதிரான பாதுகாப்பும் கூடும். அஸ்கார்பைல் குளுக்கோசைடு இதற்குச் சொந்தக்காரப் பொருள். கெடாமல் நிற்கும், எரிச்சல் குறைவு. ஆனால் தோலில் உள்ள என்சைம் அதை உடைத்த பிறகுதான் வைட்டமின் சி கிடைக்கும். மென்மையான தோலுக்கு அது நல்ல தேர்வாகக்கூட இருக்கலாம். அதைப் போட்டுவிட்டு எல்-அஸ்கார்பிக் ஆசிடின் ஆராய்ச்சி முடிவுகளை விளம்பரத்தில் காட்டுவதுதான் தப்பு. இவர்கள் காட்டியிருந்தார்கள்.

எனக்கு அதிகக் கோபம் வந்தது பட்டியலின் கடைசிப் பொருளைப் பார்த்து. சீரம் அழகான இளம் ஆரஞ்சு நிறத்தில், நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் இருந்தது. ‘வைட்டமின் சியின் இயற்கை நிறம்’ என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். சிஐ 15985 என்பது சன்செட் யெல்லோ என்கிற செயற்கைச் சாயம். புதிதாகச் செய்த வைட்டமின் சி சீரத்துக்கு நிறமே இருக்காது, அல்லது லேசான மஞ்சள் இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டுக் கெடும்போதுதான் அது ஆரஞ்சாகி, அப்புறம் பழுப்பாகும். முதல் நாளே ஆரஞ்சுச் சாயம் ஊற்றிவிட்டால் கெட்டது எது, நல்லது எது என்று யாருக்குத் தெரியும்? அக்கறையோடு செய்கிறவர்கள் வெளிச்சம் புகாத பாட்டிலில், காற்று உள்ளே போகாத பம்ப் வைத்துத் தருவார்கள்.

1 சதவீதத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் ஏமாற்று என்றும் நினைத்துவிட வேண்டாம். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் 0.1, 0.3 சதவீதத்திலேயே வேலை செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த விதிப்படி முகத்துக்கான பொருட்களில் 0.3 சதவீதம்தான் உச்ச வரம்பு. ஹயலுரோனிக் ஆசிடும் கொஞ்சம் இருந்தாலே போதும், பெரும்பாலும் அது தோலின் மேற்பரப்பில் நின்று ஈரத்தைப் பிடித்து வைக்கிற பொருள். சோடியம் ஹயலுரோனேட் அதன் உப்பு வடிவம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நியாசினமைடு 2 முதல் 5 சதவீதம் இருந்தால் எண்ணெய் வழிவது, கரும்புள்ளி, தோலின் பாதுகாப்பு அடுக்கு மூன்றுக்கும் உதவும். இந்தச் சீரத்தில் ஓரளவு உருப்படியாக இருக்க வாய்ப்புள்ளது அது ஒன்றுதான். அதைப் பற்றி விளம்பரத்தில் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை என்பது வேடிக்கை.

முன்பக்கத்தில் ‘ரெட்டினால்’, பின்பக்கத்தில் ரெட்டினைல் பால்மிடேட். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் பலம் ஒன்றல்ல. தோலில் உண்மையில் வேலை செய்வது ரெட்டினாயிக் ஆசிட். ரெட்டினைல் பால்மிடேட் முதலில் ரெட்டினாலாக மாற வேண்டும், அது ரெட்டினால்டிஹைடாக, அதன் பிறகுதான் ரெட்டினாயிக் ஆசிடாக. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வீணாகும். குடும்பத்திலேயே நோஞ்சான் அதுதான். வெளிச்சம் பட்டால் கெடுகிற அதையும் வெளிச்சம் புகும் பாட்டிலில் அடைத்து, காலையில் போடச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த சாதாரண மாய்ஸ்சரைசரின் லேபிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர், கிளிசரின், பெட்ரோலாட்டம், சீட்டைல் ஆல்கஹால், செராமைடு, கொலஸ்ட்ரால். வாசனையும் இல்லை, சாயமும் இல்லை. கிளிசரின் ஈரத்தை இழுத்து வைக்கும், பெட்ரோலாட்டம் அது ஆவியாகாமல் மூடி வைக்கும், செராமைடும் கொலஸ்ட்ராலும் தோலின் வெளி அடுக்கில் இயல்பாகவே இருக்கிற கொழுப்புகள். சீட்டைல் ஆல்கஹால் என்று பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அது தோலை உலர்த்துகிற சாராயம் அல்ல, மென்மையாக்குகிற மெழுகு மாதிரியான பொருள். பெயருக்குக்கூட விளம்பரம் செய்யாத அந்த மாய்ஸ்சரைசர், பல மடங்கு விலை கொடுத்த சீரத்தைவிட எல்லா விதத்திலும் மேல்.

சரி, அப்புறம் நடந்ததுக்கு வருகிறேன். சீரம் போட ஆரம்பித்த கொஞ்ச நாளில் கண் இமை ஓரத்திலும் கழுத்திலும் அரிப்பு. பிறகு கன்னம் சிவந்து எரிந்தது. திருப்பி அனுப்பக் கேட்டதற்கு, “இது பர்ஜிங் மேடம், உள்ளே இருக்கிற அழுக்கு எல்லாம் வெளியே வருது, ஆறு வாரம் விடாம போடுங்க” என்றார் அவர்களுடைய ‘ஸ்கின் எக்ஸ்பெர்ட்’. பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான கெடு ஒரு மாதம். ஆறு வாரம் எதற்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பர்ஜிங் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ரெட்டினாய்டு (ரெட்டினால் குடும்பப் பொருட்கள்), கிளைகாலிக் ஆசிட், சாலிசிலிக் ஆசிட் மாதிரிப் பொருட்கள் தோல் செல்கள் புதுப்பிக்கப்படுவதை வேகப்படுத்தும்போது, உள்ளே உருவாகிக்கொண்டிருந்த பருக்கள் சீக்கிரம் மேலே வந்துவிடும். வழக்கமாகப் பரு வருகிற இடத்தில் பருவாகத்தான் வரும். அரிப்பு, எரிச்சல், இமை ஓரம் வீங்குவது, பருவே வராத கழுத்தில் தடிப்பது எல்லாம் பர்ஜிங் அல்ல. ஹயலுரோனிக் ஆசிடும் நியாசினமைடும் வாசனையும் பர்ஜிங் உண்டாக்காது. ‘அழுக்கு வெளியே வருது’ என்பது வெறும் பேச்சு.

தோல் டாக்டர் பட்டியலைப் பார்த்ததும் முதலில் சந்தேகப்பட்டது வாசனையை. ‘வாசனைச் சேர்ப்பு’ என்கிற ஒரே பெயருக்குள் பல ரசாயனங்கள் ஒளிந்திருக்கலாம். லிமோனீனும் லினலூலும் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமை உண்டாக்கும் தன்மை கூடும். சீரத்தை நிறுத்தச் சொல்லி, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போதும் என்றார். முகம் தெளிந்துவிட்டது.

இதற்கிடையில் நிறுவனத்திலிருந்து சமாதானமாக ஒரு ‘நைட் ரிப்பேர் கிரீம்’ வந்தது. வெள்ளை டப்பா, மூடியில் லோகோ மட்டும். பொருட்களின் பட்டியல் இல்லை, தயாரித்த தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. பட்டியல் கேட்டதற்கு “எங்க ஃபார்முலா ரகசியம்” என்று பதில். டப்பாவைத் திறக்காமல் அப்படியே டாக்டரிடம் கொண்டுபோனேன். இதே மாதிரி லேபிள் இல்லாத கிரீம்களைப் போட்டு வருகிற நோயாளிகளைத் தினமும் பார்ப்பதாகச் சொன்னார். இந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று பரிசோதனை செய்யாமல் சொல்ல முடியாது, ஆகவே நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் இப்படிப்பட்ட கிரீம்களில் வழக்கமாகப் பிடிபடுவது எவை என்று சொல்கிறேன்.

ஒன்று, ஸ்டீராய்டு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்றவை. போட்ட சில நாளிலேயே சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று ஆகிவிடும், வாங்கியவர் நாலு பேருக்குச் சிபாரிசும் செய்வார். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு வரும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடியும் அதே கிரீமை வாங்குவார்கள். விற்பவருக்கு வேண்டியதும் அதுதான்.

இன்னொன்று, பாதரசம். தோலுக்கு நிறம் தருகிற மெலனின் உண்டாவதைத் தடுத்து நிறத்தைக் குறைக்கும், அதோடு சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். துண்டில், தலையணையில் ஒட்டி வீட்டில் இருக்கிற குழந்தைக்கும் போகும். 2013இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை அழகுப் பொருட்களில் இதைத் தடை செய்திருக்கிறது, ஆனாலும் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. லேபிள் இருந்தால் மெர்குரி, கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் ஐயோடைடு என்ற பெயர்களைத் தேடுங்கள். நகை படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தால் அதுவும் ஒரு அடையாளம். மூன்றாவது, ஹைட்ரோகுயினோன். டாக்டர் கண்காணிப்பில் தோலின் கருமையைக் குறைக்கும் நல்ல மருந்து. கண்காணிப்பில்லாமல் ஆண்டுக்கணக்கில் போட்டால் தோல் நீலம் கலந்த கருப்பாக மாறிவிடக்கூடும்.

‘டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்’ (தோல் டாக்டர் சோதித்தது), ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை வாய்ப்பு குறைவு) இரண்டும் அந்தச் சீரத்தின் மேல் பெரிதாக அச்சாகியிருந்தன. இரண்டுக்கும் கட்டாயமான பொது அளவுகோல் எதுவும் கிடையாது. யார் சோதித்தார்கள், எத்தனை பேரிடம், முடிவு என்ன என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள்: முழுப் பட்டியல் விற்பனைப் பக்கத்தில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். வாங்கும் அன்றைக்கே விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முகத்தில் போடும் முன் முழங்கையின் உட்புறத்தில், தினம் இரண்டு வேளை, ஏழு முதல் பத்து நாள்வரை போட்டுப் பாருங்கள். எரிந்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள், திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசாதீர்கள், அங்கே சொன்னதை அப்புறம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் ஸ்கிரீன்ஷாட் இப்போது பயன்படுகிறது. நான் புகார் கொடுத்த பிறகு அவர்கள் விற்பனைப் பக்கத்தில் ‘20%’ என்பதை எடுத்துவிட்டு ‘வைட்டமின் சி நிறைந்தது’ என்று மாற்றிவிட்டார்கள். பழைய பக்கத்தின் படம், அட்டைப்பெட்டியின் படம், ‘காம்ப்ளெக்ஸ்’ விளக்கக் கடிதம் எல்லாவற்றையும் இணைத்து, கார்டு கொடுத்த வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன், நுகர்வோர் புகாரும் தனியாகப் போயிருக்கிறது.

லேபிள் இல்லாத கிரீம் உங்களிடமும் இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூடி, பார்சல் கவர் எல்லாவற்றோடும் எடுத்து வையுங்கள், புகாருக்கு வேண்டும். ஏற்கெனவே சில வாரமாகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் டப்பாவோடு தோல் டாக்டரைப் பாருங்கள். ஸ்டீராய்டாக இருந்தால் எப்படி நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.