அரசு ஆஸ்பத்திரி நாய்க்கடி ஊசி: இத்துனூண்டு மருந்து போதுமா?

நாய் கடித்தால் தனியாரா அரசு ஆஸ்பத்திரியா என்று கேட்பவர்களுக்கு என் பதில், யோசிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கே போங்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன்.

எனக்குக் கணுக்காலில் கடி, ரத்தம் வந்துவிட்டது, அதாவது மூன்றாம் வகைக் கடி. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டுத்தான் கிளம்பினேன் (மஞ்சள், மிளகாய்ப்பொடி எல்லாம் வைக்காதீர்கள், தயவுசெய்து). ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்தால், நர்ஸம்மா எடை பார்த்துவிட்டு இரண்டு புஜத்திலும் தோலுக்குள்ளேயே 0.1 மி.லி. வீதம் ஏற்றினார். தோல் வெளுத்து ஒரு பயறு அளவுக்கு உப்பியது, அவ்வளவுதான். பக்கத்திலிருந்த பெரியவர், "இத்துனூண்டு போட்டா எப்படிப்பா கேக்கும், வெளில காசு குடுத்தா முழு பாட்டிலும் போடுவாங்க" என்றார். இந்தச் சந்தேகம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது.

தசையில் போட்டால் ஒரு முழு பாட்டில் தேவை, உண்மைதான். ஆனால் தோலில் டெண்ட்ரிடிக் செல்கள், அதாவது உள்ளே நுழைவதைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கிற காவல் செல்கள், நிறைய இருக்கின்றன, அதனால் இத்துனூண்டே போதும். மருந்தில் இருப்பது செத்த ரேபிஸ் வைரஸ். அதை இந்தச் செல்கள் விழுங்கி, துண்டு துண்டாக்கி, பக்கத்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய், நோய் எதிர்ப்பை முடுக்கிவிடுகிற டி செல்களிடம் காட்டுகின்றன. டி செல்லுக்கு இப்படித் துண்டாக்கிக் காட்டினால்தான் தெரியும். ஆன்டிபாடி (வைரஸைப் பிடித்து மடக்குகிற புரதம்) தயாரிக்கிற பி செல்லுக்கு அது தேவையில்லை, வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைக்கோபுரதத்தை முழு வடிவிலேயே பிடித்துக்கொள்ளும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அந்தப் புரதத்துக்குப் பொருந்துகிற பி செல் நாய் கடிக்கும் முன்பே நம் உடம்பில் இருக்கிறது என்பதுதான். அளவெடுத்துத் தைப்பதில்லை, ரெடிமேட் கடை மாதிரி எல்லா அளவிலும் முன்கூட்டியே தொங்குகிறது. பொருந்தியதை மட்டும் எடுத்து லட்சக்கணக்கில் பிரதி போட்டு, பிறகு இன்னும் கச்சிதமாகப் பொருந்தும்படி கொஞ்சம் பிடித்தும் தைக்கிறது உடம்பு. மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்துத்தான் இத்தனை வகை வருகிறது என்று கண்டுபிடித்ததற்கு சுசுமு டோனேகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பிரதி போட நேரம் ஆகும். ஆன்டிபாடி ரத்தத்தில் தலைகாட்டவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அந்த இடைவெளிக்குத்தான் கடிவாயைச் சுற்றிக் குத்துகிற இம்யூனோகுளோபுலின், அதாவது வேறு உடம்பில் தயாரான ஆன்டிபாடி. எடை பார்த்தது இதற்காகத்தான். குதிரையிலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 40 யூனிட். வலி? புஜத்து ஊசியெல்லாம் ஒன்றுமே இல்லை, இதில்தான் பல்லைக் கடித்தேன். முதல் ஊசி போட்டு ஏழு நாள் தாண்டினால் இதைப் போடமாட்டார்கள், ஏனென்றால் அதற்குள் நம் உடம்பு சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கிவிடும், வெளியிலிருந்து வருவது அதற்கு இடைஞ்சல். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இருக்காது, கடியில் ரத்தம் வந்திருந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

சரி, ஒரு ஸ்டார் ஏன் போச்சு? 0, 3, 7, 28 என்று அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார்களே தவிர, ஏன் அந்த நாட்கள் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. காயம் ஆறிய பிறகு 28-ஆம் நாள் யார் போவார்கள்? பலர் போவதில்லை. முன்பே கிளம்பிவிட்ட செல்களை மறுபடி உசுப்பி, அவற்றில் கொஞ்சத்தை நினைவுச் செல்களாக நிறுத்திவைக்கத்தான் அந்தத் தவணைகள் என்று ஒரு போர்டு எழுதி மாட்டினால் என்ன குறைந்துவிடும்? அப்புறம் தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று பயந்து வராமல் இருப்பவர்களுக்கும் ஒரு போர்டு வேண்டும். ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய மருந்தை நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது.

அட்டையை மட்டும் பத்திரமாக வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு தவணையும் முடித்தவரைப் பிற்பாடு மறுபடி நாய் கடித்தால் 0, 3 என்று இரண்டு நாள் ஊசியே போதும், கடிவாயில் குத்துகிற அந்த ஊசி கிடையாது.