மூன்று பரிசோதனைகளும் ஒரே காலையில்: கொழும்பில் ஒரு மார்பகச் சிகிச்சைப் பிரிவு

இடது மார்பில் கட்டியொன்று தட்டுப்படுவதாக அக்கா சொன்னதும், கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றின் மார்பகச் சிகிச்சைப் பிரிவுக்கு அவரை அழைத்துச் சென்றேன். பாராட்டுடன் ஒரு முறைப்பாடும் இருப்பதால் வைத்தியசாலையின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

இத்தகைய கட்டிக்கு வைத்தியரின் நேரடிப் பரிசோதனை, மமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கான், தேவையெனில் ஊசியால் திசு எடுக்கும் பயொப்சி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்வார்கள். வேறிடங்களில் இவற்றுக்காக மூன்று நாட்கள் அலைந்தவர்களை நான் அறிவேன். இங்கோ காலையில் வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்ட நாங்கள், மூன்றையும் முடித்துக்கொண்டு பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம். முதலில் வைத்தியரிடம் சென்றதிலிருந்து 60 நாட்களுக்குள் மார்பகப் புற்றுநோய் நிர்ணயம் முடிய வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள இலக்கு. காத்திருக்கும் பெண்ணுக்கு அதில் ஒவ்வொரு இரவும் நீளமானது.

வேகத்தைவிட என் மனதில் நின்றவர் அங்கிருந்த தமிழ்த் தாதி. முன்பக்கம் திறக்கும் அங்கியைத் தந்து, ஒரு பக்கத்தை மட்டும் விலக்கினால் போதும் என்றார். பயொப்சிக்கு முன் அந்தக் கருவியை வெறுமனே ஒரு தடவை இயக்கி, "டக்கெண்டு சத்தம் கேக்கும் அக்கா, அது ஊசியிண்ட சத்தம்தான், பயப்பிடாதேங்கோ" என்று காட்டினார். மரத்துப்போகும் மருந்து ஏற்றியிருந்ததால் வலியைவிட அச்சத்தம்தான் தன்னைத் திடுக்கிட வைத்திருக்கும் என்று அக்கா பிறகு சொன்னார்.

இத்தனை கவனமும் ஒரு வாரம் கழித்து, அறிக்கை பெறச் சென்ற நாளில் காணாமற்போனது. பணம் செலுத்தும் கவுண்டரிலேயே, பற்றுச்சீட்டை இணைத்த உறையொன்றை நீட்டினார்கள். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளில் 'பினைன்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தபடி, அது நல்லதா கெட்டதா என்று அக்கா கேட்டார். கவுண்டரில் இருந்த பிள்ளைக்கும் தெரியவில்லை, எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. வைத்தியரைச் சந்திக்க மீண்டும் சனல் செய்ய, அதாவது நேரம் முன்பதிவு செய்ய வேண்டும், அதுவும் இரண்டு நாட்கள் கழித்துத்தான் என்றார்கள். கடைசியில் அந்தத் தாதியைத் தேடிப்பிடித்தே, அது புற்றுநோயல்லாத கட்டி என்று அறிந்தோம். ஒரு காலையில் மூன்று பரிசோதனைகளை ஒழுங்குசெய்யத் தெரிந்த நிர்வாகத்துக்கு, முடிவைச் சொல்ல ஐந்து நிமிடமும் ஒரு கதிரையும் ஒதுக்கத் தெரியாமற்போனது எனக்கு விளங்கவில்லை.

கட்டணம் குறைவல்ல. அரச சேவையை நாடுவோருக்கு நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையமும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் பெண்களின் உடல்நலப் பரிசோதனைக்கான சுகவனிதையர் கிளினிக்குகளும் இலவசமாக இயங்குகின்றன.

ஆறு மாதத்தில் அக்காவுக்கு மறு ஸ்கான் இருக்கிறது. அதற்கும் இங்கேயே செல்வோம். ஆனால் அறிக்கை வரும் நாளுக்கே வைத்தியரையும் இப்போதே சனல் செய்துவிட்டோம்.