விஸ்கர் போலைத் தூக்கிப் பிடிக்கத் தனிக் கயிறா, உபரி ஹாலியர்டா?

வாடைக்காற்று நிலைத்து வீசும் நாட்களில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பாய் விரித்தால் காற்று பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். பெரிய பாயை ஒரு பக்கமும் முன்பாயான ஜிப்பை மறுபக்கமும் விரித்து ஓட்டுவோம். ஜிப்பின் பின்மூலை உள்ளே விழுந்துவிடாமல் தள்ளிப் பிடிக்கும் கழிதான் விஸ்கர் போல். அந்தக் கழி தொங்கிவிடாமல் மேலிருந்து பிடிப்பது டாப்பிங் லிஃப்ட். எங்கள் படகு 27 அடி. நான் குடியிருப்பது கோத்தகிரியில் என்பதால், கயிறு வேலையையெல்லாம் முடிந்தவரை மலையிலேயே யோசித்து முடித்துக்கொண்டுதான் கீழே இறங்குவேன்.

டிங்கி என்னும் சிறு திறந்த படகு வைத்திருப்பவர்கள் அதிகம் யோசிக்க வேண்டாம். கழி குட்டை, எடை குறைவு; ஒரு ரப்பர் கயிறு போதும். பல டிங்கிகளில் அதுகூட இல்லாமல் ஷீட்டின் (பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு) இழுப்பே கழியை நிறுத்திவிடும்.

பெரிய படகில்தான் கேள்வி எழுகிறது. செலவில்லாத வழி, பாய்மர உச்சியிலிருந்து இறங்கும் உபரி ஹாலியர்டை, அதாவது பாயை மேலே ஏற்றும் கயிற்றை, கழியில் மாட்டிவிடுவது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உச்சியிலிருந்து வருவதால் கயிறு கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும், இழுவிசை குறைவு. ஆனால் ஸ்பின்னேக்கர் (முன்னால் உப்பிப் பறக்கும் பெரிய பாய்) ஹாலியர்டாக இருந்தால் அது பாய்மரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் கம்பியான ஃபோர்ஸ்டேக்கு மேலே, முன்பக்கமாக வெளிவருகிறது. பின்னால் கொண்டுவந்து கழியில் மாட்டும்போது ஜிப்பின் தலைப்பகுதியில் உரசும். ஜிப்பைச் சுருட்டும் ஃபர்லர் உள்ள படகில், சுற்றும் நேரத்தில் அந்தக் கயிறும் சேர்ந்து சுற்றிக்கொண்டால் பாய் பாதியில் சிக்கி நிற்கும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஆள் தண்ணீரில் விழுந்தால் மேலே தூக்க, ஜிப் ஹாலியர்ட் அறுந்தால் மாற்றாக ஏற்ற, அந்த உபரிக் கயிறு சும்மா இருந்தாக வேண்டும்.

தனி டாப்பிங் லிஃப்டுக்கு பாய்மரத்தின் முன்முகத்தில் ஒரு கப்பி, 6 மில்லிமீட்டர் பாலியஸ்டர் கயிறு, கயிற்றைக் கட்டி நிறுத்த ஒரு கிளீட் வேண்டும். அலுமினியப் பாய்மரத்தில் எவர்சில்வர் தகட்டை நேராக வைத்து ரிவெட் அடித்துவிடாதீர்கள். உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரிக்கும். நடுவில் அரிப்புத் தடுப்புப் பசை தடவுவது கட்டாயம்.

சரி, கப்பி எந்த உயரத்தில்? கழியில் எந்த இடத்தில் கட்டுவது? இதை வீட்டுப் பின்னால் இருக்கும் சில்வர் ஓக் மரத்தில் கழியைப் பொருத்தியே பார்த்தேன். கழி 4 மீட்டர், 6 கிலோ. பச்சைத் தேயிலை நிறுக்கும் தொங்கு தராசை இரவல் வாங்கிக் கயிற்றின் நடுவே மாட்டினேன். கழி மட்டமாக நிற்க, கப்பிக்குப் பதிலாக மரத்தில் வைத்த கொக்கி அதற்கு 4 மீட்டர் மேலே இருந்தபோது, வெளிமுனையில் கட்டிய கயிற்றில் நாலேகால் கிலோ. கொக்கியை 2.3 மீட்டருக்கு இறக்கியதும் 6 கிலோ. மறுபடி 4 மீட்டருக்கே ஏற்றி, கழியின் நடுவில் கட்டினால் ஆறே முக்கால்.

"நடுவுல கட்டினா ஏன்ண்ணா கூடுதலா காட்டுது?" என்று கேட்டார் தராசு கொடுத்த தம்பி. முனையில் கட்டும்போது பாதி எடையைத்தான் கயிறு சுமக்கிறது, மீதியைக் கழியின் உள்முனை மாட்டும் பாய்மரத்து வளையம் வாங்கிக்கொள்கிறது. நடுவில் கட்டினால் முழு எடையும் கயிற்றுக்குத்தான். எடைகூடப் பரவாயில்லை, அலையில் படகு குதிக்கும்போது மெல்லிய குழாயை நடுவில் பிடித்து இழுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீட்டிச் சுருக்கும் கழிக்கு இரண்டு முனையையும் இணைக்கும் பிரைடலும் ஒத்துவராது, நீளம் மாறிக்கொண்டே இருக்குமே. பிரைடல் இரு முனையும் ஒரே மாதிரி உள்ள, நீளம் மாறாத கழிக்குத்தான் பொருந்தும். ஜைப் செய்யும்போது, அதாவது பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்றும்போது, முனையை மாற்றி மாட்ட அது வசதி.

ஆகவே என் தேர்வு தனிக் கயிறு, வெளிமுனையில் கட்டு, கப்பி கழி வளையத்துக்கு மேலே ஏறக்குறைய கழியின் நீளம் அளவு உயரத்தில். எங்கள் படகில் அது கீழ் ஸ்ப்ரெடருக்கு (பாய்மரத்தின் பக்கக் கம்பிகளை விலக்கிப் பிடிக்கும் குறுக்குக்கை) சற்று மேலே வருகிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் கழியை எடுப்பவர்கள் ஹாலியர்டிலேயே சமாளிக்கலாம், கழியை இறக்கிய பிறகுதான் ஃபர்லரைச் சுற்றுவது என்று வைத்துக்கொண்டால். கிளீட்டைப் பொறுத்தவரை, இரண்டு பேர் ஓட்டினால் பாய்மர அடியிலேயே போதும். தனியாக ஓட்டுபவர் கயிற்றைச் சுக்கான் பிடிக்கும் இடமான காக்பிட் வரை கொண்டுவந்துவிடுவது நல்லது. கழி ஆடும்போது முன்தளத்துக்கு ஓட வேண்டியிருக்காது.