கிழக்கு லண்டனில் ஓர் இலவச ஆலோசனை அறை: மொழிபெயர்ப்பாளரின் மதிப்பீடு

கிழக்கு லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தின் பின்னறையில் வாரம் ஒரு நாள் இந்தச் சேவை நடக்கிறது. விசா, வீடு, அரச உதவிப்பணம் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் பார்க்கிறார்கள். நான் அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளராகத் தொண்டு செய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறை மிகச் சிறியது. கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் ஆட்கள் நிற்பதால் பெயரையும் முகவரியையும் இங்கே தரவில்லை. கட்டணம் கிடையாது. ஆலோசகரின் சம்பளம் முழுவதும் அறக்கட்டளைகளின் மானியத்திலிருந்து வருகிறது.

அறக்கட்டளைப் பணம் ஏன் தேவைப்பட்டது? இங்கிலாந்தில் அகதிக் கோரிக்கைக்கு அரசின் இலவசச் சட்ட உதவி இன்றும் உண்டு. ஆனால் குடும்ப விசா உட்பட மற்றக் குடியேற்ற விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது 2013 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு பணம் இல்லாதவர்கள், படிவம் நிரப்பித் தருவதாகச் சொல்லும் ஆட்களிடம் போனார்கள். பதிவு பெறாத ஒருவர் குடியேற்ற ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காசு வாங்காமல் சொன்னாலும் குற்றம்தான். நானும் மேசையில் மொழிபெயர்க்க மட்டுமே செய்வேன். 'அக்கா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்டால் ஆலோசகரைக் காட்டிவிடுவேன். பதிவு பெற்ற ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்திருப்பதற்குத்தான் மானியம்.

லண்டனில் இத்தகைய வேலைகளுக்குப் பணம் கொடுக்கும் அறக்கட்டளைகள் பல. அவற்றில் சிட்டி பிரிட்ஜ் அறக்கட்டளையின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. தேம்ஸ் நதியின் ஐந்து பாலங்களைப் பராமரிப்பதே அதன் முதற்பணி. டவர் பாலமும் லண்டன் பாலமும் அவற்றில் அடங்கும். அதன் தொடக்கம் 1282. பழைய லண்டன் பாலத்தைக் கடந்தவர்கள் கட்டிய சுங்கம், பாலத்தின் மேலேயே இருந்த கடைகளின் வாடகை, மக்கள் எழுதிவைத்த சொத்து என்று நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த செல்வம் அது. பாலச் செலவு போக மிஞ்சுவதை 1995 முதல் லண்டன் மக்களுக்கான மானியமாகக் கொடுத்துவருகிறார்கள். அன்று ஆற்றைக் கடக்க வணிகர்கள் கொடுத்த காசு, இன்று கடல் கடந்து வந்தவர்களுக்கும் பயன்படும்படி விதியை மாற்றியவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இனி சேவைக்கு வருகிறேன். வருபவர்களில் பலருடைய சிக்கல், அகதி அந்தஸ்து கிடைத்த மகிழ்ச்சியான நாளிலேயே தொடங்குகிறது. அந்தஸ்து கிடைத்ததும் உள்துறை அமைச்சு கொடுத்த தங்குமிடமும் வாராந்தப் பணமும் நின்றுவிடும். வெளியேற நெடுங்காலமாக 28 நாள் தவணைதான் இருந்தது. 2024 டிசம்பரில் சோதனை முறையில் அதை 56 நாளாக்கினார்கள். 2025 செப்டம்பரில் தனியாட்களில் பெரும்பாலோருக்கு மீண்டும் 28 ஆகிவிட்டது. யூனிவர்சல் கிரெடிட் என்னும் உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தால் முதல் தொகை கைக்கு வர ஐந்து வாரம் ஆகும். ஐந்து வாரம் என்றால் 35 நாள். 28 நாளில் வீட்டை விட்டு, 35ஆவது நாளில் பணம் வாங்கி, இடையில் ஒருவன் எங்கே படுப்பான்?

வன்னியிலிருந்து வந்த ஒரு தம்பி வெளியேற்றக் கடிதத்துடன் வந்திருந்தான். கவுன்சில் என்னும் உள்ளூராட்சி அலுவலகத்தில், 'நீங்கள் தனியாள், முன்னுரிமை இல்லை' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கடிதத்தின் திகதியைப் பார்த்ததும் ஆலோசகர் அன்றே கவுன்சிலுக்கு எழுதினார். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டத்தின்படி, அரச உதவி பெறத் தகுதியுள்ள ஒருவர் 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலையில் இருந்தால், முன்னுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவுன்சில் அவருடைய நிலையை ஆராய வேண்டும். அவருக்கென ஒரு வீட்டுத் திட்டத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். உள்துறை அமைச்சு கடைசியாகத் தங்கவைத்த வீடு எந்த ஊரிலோ, அந்த ஊர்க் கவுன்சிலுடன் அவருக்கு உள்ளூர்த் தொடர்பு உண்டு என்ற விதியையும் கடிதத்தில் சேர்த்தார். பதில் அந்த வாரமே வந்தது. தம்பிக்கு வீடு கிடைத்துவிடவில்லை. பதிவும், ஓர் அதிகாரியின் பெயரும், முற்பணத்துக்கு உதவுவதாக ஒரு வாக்குறுதியும் கிடைத்தன. வாசலில் திரும்பி வந்தவனுக்கு அது பெரிய மாற்றம்.

பிறகு தனியார் வாடகைச் சந்தை. ஒரு முகவர் அவனிடம் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டார். உத்தரவாதம் தர ஆள் இல்லாத புதியவர்களிடம் எல்லா இடத்திலும் கேட்கப்பட்டுவந்ததுதான் இது. புதிய வாடகையாளர் உரிமைச் சட்டத்தின்படி 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் அப்படிக் கேட்கக் கூடாது. காரணம் சொல்லாமல் வெளியேற்றும் 21ஆம் பிரிவு அறிவித்தலும் அந்தத் திகதியிலிருந்து கிடையாது. முற்பண டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும், அதைப் பெற்ற 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பதும் ஏற்கெனவே உள்ள சட்டம். இவற்றை ஆலோசகர் தாளில் எழுதி, கீழே என்னைத் தமிழில் எழுதச் சொல்லி, கையில் கொடுத்தனுப்புகிறார். இந்தச் சேவையில் என் மனதில் மிக உயர்ந்த இடம் இந்தத் தாளுக்குத்தான். வாயால் சொன்னது பஸ் ஏறும்போதே மறந்துபோகும்.

குறைகள் உண்டு. மொழிபெயர்ப்பு எல்லா மொழிக்கும் இல்லை. காத்திருக்கும் இடத்தில் குழந்தைகளுக்கு எதுவும் இல்லை. ஆனால் பெரிய குறை மானியத்தின் வடிவத்தில் இருக்கிறது. ஒரு மானியம் முடிந்து அடுத்தது வருவதற்குள் ஆலோசகரின் நாட்கள் குறைக்கப்பட்டன. பாதியில் நின்ற வழக்குகளைத் தொண்டர்கள் கையில் கொடுக்கச் சட்டம் இடம் தராது. 'புதிய திட்டம்' என்றால் பணம் கொடுக்கும் மனம், பழைய அறையின் வாடகைக்கும் மின்சாரத்துக்கும் எளிதில் வருவதில்லை. வீட்டு வழக்கு ஒன்று மாதக்கணக்கில் இழுக்கும். மானியம் குறைந்தது ஐந்து ஆண்டுக்காவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டுப்படியாகும் வீடுகளுக்கும் அறப்பணம் போகிறது. அதில் புதியவர்களுக்கு எவ்வளவு எட்டுகிறது என்று பார்க்க வேண்டும். மைல் எண்டில் பழைய செயின்ட் கிளெமென்ட்ஸ் மருத்துவமனை வளாகத்தில் லண்டன் சமூக நில அறக்கட்டளை 23 வீடுகளை அப்பகுதியின் இடைநிலைச் சம்பளத்துக்கு ஏற்ற விலையில் விற்றது. அருமையான முயற்சி. ஆனால் அதற்கு வங்கிக் கடனும் அந்தப் பகுதியில் ஆண்டுக்கணக்கான தொடர்பும் வேண்டும். சென்ற ஆண்டு விமானத்தில் இறங்கியவருக்கு அது எட்டாது. பெத்னல் கிரீனில் உள்ள பிராக்சிஸ் என்னும் குடியேறியோர் உதவி அமைப்பு, காமன்வீல் ஹவுசிங் என்ற தொண்டமைப்புடன் சேர்ந்து செய்த ஏற்பாடு எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது: குழந்தையுள்ள குடும்பங்களுக்குக் கவுன்சில் கட்டும் வாடகை வருமானத்தைக் கொண்டு, அரச உதவி பெறவே அனுமதியில்லாத சிலருக்கு இலவசமாகத் தங்க இடம் கொடுத்தார்கள். பெரிய நிதி கையில் உள்ளவர்கள் இப்படிப்பட்ட வீடுகளை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் பகுதியில் இத்தகைய சேவைக்குப் போகிறவர்கள் வெளியேற்றக் கடிதத்தை உறையோடு கொண்டு போங்கள்; உறையின் முத்திரைத் திகதியும் சில வேளை உதவும். ஈ-விசா, அதாவது இணையத்தில் உள்ள உங்கள் விசாப் பதிவு, அதன் கணக்கில் நுழையத் தேவையான விவரங்களும், கணக்கில் பதியப்பட்ட தொலைபேசியும் கையில் இருக்கட்டும். வாடகைக்கு இருக்க உரிமை உண்டு என்று வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டிய பகிர்வுக் குறியீட்டை அங்கேயே எடுத்துவிடலாம். கடிதம் வந்த அன்றே போங்கள். 28இல் ஒரு வாரம் கழிந்தபின் வருபவர்களுக்குச் செய்யக்கூடியது பாதிதான்.